கொடைக்கு ஓர் அளவுகோல் வேண்டும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிய தமிழர், கொடுக்கத் தயங்கும் இனத்தவர் அல்லர். ஆலயம் எழுப்பினர், பள்ளி எழுப்பினர், படிப்பகமும் மன்றமும் எழுப்பினர். பால்மரக் காட்டில் உழைத்து ஈட்டிய கூலியில் ஒரு பகுதியை எடுத்து வைத்தே இவற்றுள் பலவற்றை எழுப்பினர். 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ நாளிதழின் வாயிலாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ எனும் நிதியைத் திரட்டியபோது, செல்வர் மட்டுமல்லர், எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதை வழங்கினர். அந்த நிதிக்குத் திட்டவட்டமான நோக்கம் ஒன்று இருந்தது: மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதே அது. 1956-இல் அங்கு இந்திய இயல் துறை தோன்றியது. கொடுத்தவர் தம் கொடை எதற்காக என்பதை அறிந்திருந்தார். கருதியது கைகூடியதா என்பதையும் கண்ணால் கண்டு தெளிய முடிந்தது.

இன்றைய கொடைக்கு அந்தத் தெளிவு உண்டா? ஆண்டுதோறும் பள்ளி தொடங்கும் பருவத்தில் புத்தகப்பைகள் வழங்கப்படுகின்றன. தேர்வு நெருங்கும் பருவத்தில் பயிற்சி நூல்கள் வழங்கப்படுகின்றன. தன்முனைப்பு முகாம்கள் நடைபெறுகின்றன. மேடையில் ஆளுயர மாதிரிக் காசோலையை இருவர் பிடித்துக்கொள்ள, நால்வர் பொன்னாடையோடு நிற்க, நிழற்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் அது செய்தித்தாளில் வெளிவருகிறது. ஆண்டறிக்கையில் ‘இத்தனை பைகள், இத்தனை நூல்கள், இத்தனை மாணவர், இத்தனை ஆயிரம் வெள்ளி’ என்று ஒரு பட்டியல் இடம்பெறுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. அறிக்கை ஏற்கப்படுகிறது.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் இருப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலாதிருந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் ஆண்டின் முடிவில் படிக்கக் கற்றனர் என்னும் வரியே அது. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லா வரிகளும் எழுதப்பட வேண்டும். அது இல்லாத அறிக்கை, கொடுத்தவரின் பெருமையைச் சொல்லும். பெற்றவரின் நிலையைச் சொல்லாது.

அறத்தை அளப்பது மேனாட்டார் கொண்டுவந்த வணிகப் புத்தி என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். தமிழர் வரலாற்றை அறியாதார் கூற்று அது. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிப்பதற்கு அறக்கொடை வழங்கிய முறையைக் கல்வெட்டுகள் விளக்குகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்கால வழக்கு. முதலாம் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய பெருங்கோயிலின் கல்வெட்டுகள், ஆடுகளின் தொகையோடு நின்றுவிடவில்லை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும் வரையறுத்தன. கொடையாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு இறந்தாலும் முதிர்ந்தாலும் தொகை குறையாமல் ஈடு செய்யப்பட வேண்டும் என்பது அதன் பொருள். அளக்கும் கருவியிலும் ஐயம் எழக்கூடாதென்று, ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட மரக்காலையே அக்கோயிலில் வைத்திருந்தனர். அளவுகோலுக்கு இறைவன் பெயரைச் சூட்டிய இனம், அளப்பதை அறத்துக்கு இழுக்கு என்று கருதியிருக்குமா?

அந்த விளக்கில் மூன்று கணக்குகள் அடங்கியுள்ளன. எத்தனை ஆடுகள் கொடுக்கப்பட்டன என்பது முதற்கணக்கு. நாள்தோறும் எவ்வளவு நெய் வந்தது என்பது இரண்டாம் கணக்கு. கருவறையில் விளக்கு அணையாமல் எரிந்ததா என்பது மூன்றாம் கணக்கு. கொடையாளர் விரும்பியது ஒளியை. ஆடும் நெய்யும் அதற்கான வழிகள். இக்காலக் கல்விக் கொடைக்கும் இம்மூன்றும் பொருந்தும். செலவிட்ட வெள்ளியும் வழங்கிய பையும் ஆட்டுக் கணக்கு. நடந்த வகுப்புகளும் வந்திருந்த மாணவரும் நெய்க் கணக்கு. பிள்ளை படிக்கக் கற்றதா, கணக்குப் போடக் கற்றதா, பள்ளியை விட்டு விலகாமல் நின்றதா என்பதே ஒளிக் கணக்கு. இன்றைய அறவாரியங்களும் இயக்கங்களும் பெரும்பாலும் முதற்கணக்கோடு நின்றுவிடுகின்றன. சிற்சில இரண்டாவது கணக்கையும் எழுதுகின்றன. மூன்றாம் கணக்கை எழுதுவோர் அரியர்.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயரிட்டார். ‘ஒப்புரவு’ என்று நிறுத்தாமல் ‘அறிதல்’ என்று சேர்த்தது எண்ணத்தக்கது. உலகுக்கு உதவுவது ஓர் உணர்ச்சி மட்டுமன்று. அறிந்து செய்ய வேண்டிய ஒரு செயல். ‘தெரிந்து செயல்வகை’ என்று மற்றோர் அதிகாரமும் அந்நூலில் உண்டு. கொடையில் மட்டும் தெரிந்து செய்யத் தேவையில்லை என்பார், ஈகையை அன்பின் பெயரால் அறியாமையிடம் ஒப்படைக்கின்றனர்.

“பெற்றவர்கள் மனமார நன்றி சொல்கின்றனர், அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?” என்பது அடுத்த வாதம். நன்றி சான்றாகாது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சி கசப்பாக உணர்த்தியது. மாசசூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிட்சு, சாமர்வில் நகரங்களில் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர் வகுத்த திட்டம் 1939 முதல் 1945 வரை நடைபெற்றது. நெறிதவறக்கூடும் என்று அஞ்சப்பட்ட சிறுவரையும், அவர்களோடு வயதாலும் குடும்பச் சூழலாலும் ஒத்த சிறுவரையும் இணை இணையாகப் பிரித்தனர். ஒவ்வோர் இணையிலும் நாணயம் சுண்டி ஒருவனுக்கு உதவி அளித்தனர், மற்றவனுக்கு அளிக்கவில்லை. உதவி பெற்றவர்களை ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று கண்டனர். பாடத்தில் துணை, மருத்துவம், கோடை முகாம் என எல்லாம் கிடைத்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்டு என்னும் ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவர் 506 பேர். உதவி பெற்றவர் பாதி, பெறாதவர் பாதி. உதவி பெற்றோருள் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்குப் பயன்பட்டது என்று அன்போடு நினைவுகூர்ந்தனர். ஆயினும் மீண்டும் குற்றம் புரிதல், குடிக்கு அடிமையாதல், மனநோய், இளமையில் இறத்தல் ஆகியவற்றில் உதவி பெற்றோரின் நிலையே, பெறாதோரின் நிலையைவிடத் தாழ்ந்திருந்தது.

நல்லெண்ணம் இருந்தது, உழைப்பு இருந்தது, நன்றியும் இருந்தது. நன்மை மட்டும் இல்லை. அந்த நாணயம் சுண்டப்படாமல், ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு இல்லாமல் போயிருந்தால், அத்திட்டம் இன்றளவும் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டிருக்கும். வேறு ஊர்களிலும் அதனைப் பின்பற்றியிருப்பர்.

“அது ஒழுக்கம் பற்றியது, கல்விக்குப் பொருந்தாது. நூல் கொடுத்தால் படிப்பு வளராதா?” என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் நூறு பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் 25 பள்ளிகளுக்கு 1996-இல் ஒரு தொண்டு நிறுவனம் பாடநூல்களை வழங்கியது. பல பிள்ளைகளுக்கு ஒரு நூல் என்ற வறுமை நிலவிய இடம் அது. நூல் சென்றால் மதிப்பெண் உயரும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பால் கிளேவே, மைக்கேல் கிரெமர், சில்வி மூலன் ஆகிய மூவர் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர் மட்டுமே பயனடைந்தனர். காரணம் எளியது: நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அப்பிள்ளைகளுள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. படிக்கத் தெரியாத நூலைப் பெற்றவன், நூலே பெறாதவன் நிலையில்தான் இருந்தான்.

தமிழாசிரியர்கள் இந்தச் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவருக்குப் பயிற்சி நூல் வழங்கப்படும்போது, அதை விரித்துத் தானே படிக்க இயலாத மாணவன் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். மேடையில் ஏறி நூலை வாங்கியவர் பட்டியலில் அவன் பெயரும் உண்டு. கொடையாளரின் கணக்கில் அவனும் ஒரு பயனாளி. அவனுக்கு வேண்டியது ஆறாம் ஆண்டு நூலன்று. எழுத்தைக் கூட்டிச் சொல்லைப் படிக்கக் கற்பிக்கும் ஒருவரின் நேரம். அதைக் கொடுப்பார் இல்லை. ஏனெனில் அதை நிழற்படம் எடுக்க முடியாது.

மலேசியாவில் 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. அத்தேர்வு இருந்த காலத்தில் தமிழ்ச் சமூகத்தின் அளவுகோல் ஒன்றே ஒன்று: எத்தனை மாணவர் 7 ஏ பெற்றனர் என்பது. பின்னர் அது 8 ஏ ஆயிற்று. அந்த எண்ணே பரிசளிப்பு விழாவுக்கும் பெருமைக்கும் ஊற்றாயிற்று. சிறந்த மாணவரைப் பாராட்டுவது தவறன்று. ஆயினும் அந்த எண்ணைக் கூட்ட விரும்பும் பிரத்தியேக வகுப்பு எவரை நாடும்? 5 ஏ பெறக்கூடியவரை நாடும். எழுதப் படிக்கத் தடுமாறுபவரை நாடாது. அளவுகோல் எதைக் காட்டுகிறதோ அதை நோக்கியே உழைப்பும் வெள்ளியும் ஓடும். அளவுகோலே இல்லாமை ஒரு கேடு என்றால், தவறான அளவுகோல் அதனினும் பெரிய கேடு.

இதையே காட்டி, எண்களே வேண்டா என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. ஓர் எண்ணை வைத்து மனிதரைத் தண்டிக்கவும் பரிசளிக்கவும் தொடங்கினால், அந்த எண்ணே திரிந்துபோகும் என்று அமெரிக்க உளவியலறிஞர் டொனால்டு கேம்பல் 1970-களிலேயே எச்சரித்தார். ஆகவே கொடையின் பயனை அளப்பது ஆசிரியரைத் தரம் பிரிப்பதற்காகவோ, பள்ளிகளை வரிசைப்படுத்துவதற்காகவோ இருத்தல் ஆகாது. அளக்கப்பட வேண்டுவது கொடை. தேர்வெழுத வேண்டியவர் கொடையாளர். இந்த எல்லையைக் காத்துக்கொண்டால் எண் கொடுங்கோல் ஆகாது. வழிகாட்டும் கோல் ஆகும். மொழிப்பற்று, மேடையில் நிமிர்ந்து பேசும் துணிவு போன்றவை எண்ணில் அடங்கா என்பதும் மெய்யே. அடங்காதவற்றை அளந்துவிட்டதாக நடிக்கவும் வேண்டா; அவற்றைக் காட்டி, அளக்கக்கூடியவற்றை அளவாமல் விடவும் வேண்டா.

அளப்பது எங்ஙனம்? வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு தேர்வு வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். போதாது. ஓராண்டில் பிள்ளை தானாகவும் வளர்கிறது, பள்ளியாசிரியரும் கற்பிக்கிறார், வீட்டிலும் சிறிது கற்கிறது. அந்த வளர்ச்சி முழுவதையும் தன் வகுப்பின் சாதனையாக எழுதிக்கொள்வது, மழையில் நனைந்த பயிரைக் காட்டித் தன் வாளியின் பெருமை பேசுவது போன்றது. கொடை கிடைக்காதிருந்தால் அப்பிள்ளை எங்கு நின்றிருக்கும் என்பதே வினா. அதற்கு ஒப்பீடு வேண்டும்.

ஒப்பீடு என்றதும், ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றொரு பிள்ளைக்கு மறுப்பது கொடுமை அன்றோ என்று மனம் பதைக்கும். மறுக்காமலே ஒப்பிடும் வழியை இந்தியாவின் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் காட்டியது. மும்பையிலும் குசராத்து மாநிலத்தின் வதோதராவிலும் 2001 முதல் நடந்த திட்டத்தில், அவ்வப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை நாளும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். வதோதராவில் சில பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும், வேறு சில பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு மாற்றி அனுப்பப்பட்டனர். எந்தப் பள்ளியும் விடுபடவில்லை. ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பை மற்றொரு பள்ளியின் மூன்றாம் வகுப்போடு ஒப்பிட முடிந்தது. பயன் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடமே மிகுதியாகத் தெரிந்தது. இவ்வாய்வில் பங்குகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ ஆகியோரும், கென்யா ஆய்வில் பங்குகொண்ட கிரெமரும் 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். திட்டம் நின்று ஓராண்டு சென்றபின் மீண்டும் அளந்தபோது பயனில் பெரும்பகுதி தேய்ந்திருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. அளப்பது ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கன்று என்பதற்கு அதுவே பாடம்.

இடம் குறைந்து விண்ணப்பம் மிகும்போது வேறொரு வழியும் உண்டு. பரிந்துரைக்கும் முகத்துக்கும் இடம் கொடாமல், திருவுளச்சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். இடம் கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் ஆண்டிறுதியில் ஒப்பிட்டால் உண்மை புலப்படும். இதுவும் தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. அக்கல்வெட்டு மற்றொரு விதியையும் சொல்கிறது: வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஏரிக்கும் தோட்டத்துக்கும் இருந்த அந்த விதி, இன்று பிள்ளைகளின் கல்வி நிதிக்கு இருக்க வேண்டாவா?

“அளப்பதற்குச் செலவாகும், அந்த வெள்ளியில் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு நூல் வாங்கலாமே” என்பது இறுதி வாதம். கேட்க இனிமையான வாதம். பயனற்ற ஒன்றைப் பத்தாண்டுகள் தொடர்ந்து செய்வதைவிடச் செலவு மிக்க செயல் வேறில்லை. மேலும், எழுத்தறிவை அளக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பிரதம் கையாண்ட கருவி ஒரே ஒரு தாள். எழுத்துகள், எளிய சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறுகதை ஆகியவை அதில் உண்டு. பிள்ளையைத் தனியே அழைத்துப் படிக்கச் சொன்னால், அது எந்தப் படியில் நிற்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அத்தகைய தாளைக் கொண்டே 2005 முதல் இந்தியாவின் சிற்றூர்ப் பிள்ளைகளின் படிப்புநிலை அளக்கப்பட்டு வந்துள்ளது. இங்குள்ள பிள்ளைகளுக்கேற்பத் தமிழில் அப்படியொரு தாளை ஆக்குவது தமிழாசிரியர்களுக்கு அரிய செயலன்று. அந்தப் பணியைச் சம்பளமில்லாச் சுமையாக அவர்கள் தலையில் ஏற்றாமல், அதற்குரிய செலவைக் கொடையிலேயே ஒதுக்குவது கொடையாளர் கடமை.

அளப்பதற்குத் தடையாக நிற்பது பணமன்று, அச்சம். பயனில்லை என்று தெரிந்துவிடுமோ என்னும் அச்சம். தலைவர்க்குப் புகழ் குறையும். அடுத்த ஆண்டு நன்கொடை குறையும். போட்டி இயக்கம் நகைக்கும். இந்த அச்சத்தின் விலையைத் தலைவர் கொடுப்பதில்லை. பின்வரிசைப் பிள்ளை கொடுக்கிறது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்தும் தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஒரு மாணவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால், அவன் தோல்வி அவனோடு முடிவதில்லை. அவனைக் கண்ட அண்டை வீட்டார் தம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பர்? மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் எதிர்காலத்தை உணர்ச்சி முழக்கம் காக்காது. பிள்ளைகள் கற்றனர் என்னும் மெய்ம்மையே காக்கும்.

சிங்கப்பூரில் 1991-இல் தோன்றிய சிண்டாவுக்கு இந்திய ஊழியர்கள் தம் மாத ஊதியத்திலிருந்து பங்களிக்கின்றனர். மலேசியாவில் பொங்கல் விருந்திலும் ஆலயத் திருவிழாவிலும் உண்டியல் குலுக்கப்படும்போது கூலித் தொழிலாளரும் வெள்ளி போடுகின்றனர். வெள்ளி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ‘விளக்கு எரிகிறதா?’ என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வியை நன்றிகெட்ட கேள்வி என்றோ, ஒற்றுமையைக் குலைக்கும் கேள்வி என்றோ அடக்குவது, கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருங்கே அவமதிப்பதாகும்.

ஆகவே கல்விக்கு நிதி திரட்டும் ஒவ்வோர் இயக்கமும் நான்கு செயல்களைத் தன் சட்டவிதியில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, எந்தப் பிள்ளைக்கு எந்த மாற்றம் விளைய வேண்டும் என்பதைக் கொடைக்கு முன்னரே ஒரு வாக்கியத்தில் எழுதுதல். இரண்டாவது, மிகவும் பின்தங்கிய பிள்ளையிடம் அந்த மாற்றம் நிகழ்ந்ததா என்பதை, ஒப்பீட்டோடு, ஆண்டிறுதியிலும் அதற்கடுத்த ஆண்டிலும் அளத்தல். மூன்றாவது, அளந்து கண்டதை வெற்றியாயினும் தோல்வியாயினும் ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் வெளியிடுதல். நான்காவது, பயன் தராத திட்டத்தை, அதைத் தொடங்கியவர் எவராயினும், நிறுத்துதல்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் பார்வையாளராக இருத்தல் தகாது. பயிற்சி நூல்கள் பள்ளி வாயிலில் வந்திறங்கும்போது, ‘இது எந்தப் பிள்ளைக்கு, எந்தக் குறைக்கு?’ என்று தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கேட்கட்டும். பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் பயிலும் மாணவர்கள், தம் ஆய்வேடுகளுக்குப் பொருள் தேடி அலையாமல், தம் ஊரில் நடக்கும் ஒரு பிரத்தியேக வகுப்பின் பயனை அளந்து எழுதட்டும். விடை கசப்பாக இருந்தால், அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த ஆண்டுத் திட்டத்தை மாற்றுவதே கொடையாளருக்கு அழகு. 96 ஆடுகளைக் கொடுத்துவிட்டு, விளக்கு இருக்கும் திசையையே பாராமல் வீடு திரும்புவது ஈகை ஆகாது.